போஸ்ட்கிரெஸ்ட்: படிக்க விடுகிறது, எழுத விடவில்லை

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்குக் கணக்குச் செயலி எழுதும் நண்பர் கேட்டார்: "ஒவ்வொரு டேபிளுக்கும் ஏபிஐ எழுதணுமாண்ணே, போஸ்ட்கிரெஸ்ட் மட்டும் போதுமா?" போதும் தம்பி. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் டேபிள்களை அப்படியே ஏபிஐயாக, அதாவது செயலி தரவு கேட்கும் வாசலாக, ஆக்கித் தரும் சர்வர் அது. ஆனால் ஸ்கீமா கேஷை, அதாவது டேபிள்களின் அமைப்பைப் பற்றி அது நினைவில் வைத்திருக்கும் நகலை, முதலிலேயே சரிக்கட்டிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸ்ட் கிளம்பும்போது டேபிள், நெடுவரிசை, ஃபாரின் கீ (டேபிள்களை இணைக்கும் தொடர்பு) எல்லாவற்றையும் ஒருமுறை படித்து நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு 'வரவு' டேபிளில் 'கமிஷன்' என்று நெடுவரிசை சேர்த்தால் அதற்குத் தெரியாது. அதில் எழுத போஸ்ட் (வரி சேர்க்கும் கோரிக்கை) அனுப்பினால் ஹெச்டிடிபி 400 வரும், பிழை எண் பிஜிஆர்எஸ்டி204: இப்படியொரு நெடுவரிசை ஸ்கீமா கேஷில் இல்லை. இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அதே நிமிடம் படிக்கும் கோரிக்கையான கெட் அனுப்பினால் 'கமிஷன்' வந்து நிற்கிறது! செலக்டில் கேட்ட பெயரைக் கேஷில் பார்க்காமல் அப்படியே டேட்டாபேஸுக்குத் தள்ளிவிடுவதுதான் காரணம். படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை என்றதும் யாருக்கும் கிராண்ட் (டேட்டாபேஸ் தரும் உரிமை) மேல்தான் சந்தேகம் போகும். அங்கே தேடாதே. உரிமைக் குறை என்றால் வரும் எண் 42501.

கேஷைப் புதுப்பிக்க, நெடுவரிசை சேர்க்கும் ஆல்டர் டேபிள் கட்டளையை அடுத்து 'நோட்டிஃபை பிஜிஆர்எஸ்டி' போட்டு 'ரீலோட் ஸ்கீமா' என்று அனுப்ப வேண்டும். இரண்டையும் ஒரே டிரான்சாக்ஷனில் (முழுதாக ஏறும், இல்லையேல் எதுவும் ஏறாத தொகுப்பு) வை. கமிட் ஆன பிறகுதான் அறிவிப்பு போகும். கையால் செய்தால் ஒருநாள் மறந்துபோகும். டிடிஎல் (டேபிள் அமைப்பை மாற்றும் கட்டளை) முடியும்போது தானாக ஓடும் ஈவண்ட் டிரிகர் ஒன்று வைத்துவிடு, அதற்கு சூப்பர்யூசர் உரிமை வேண்டும். நடுவில் இணைப்புகளைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் டிரான்சாக்ஷன் பூலிங்கில் இருந்தால் இந்த அறிவிப்பு போஸ்ட்கிரெஸ்ட்டின் காதில் விழாது. நேரடி இணைப்புக் கொடு, இல்லையேல் போஸ்ட்கிரெஸ்ட்டுக்கு யூஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்பு.

இன்னொரு ஆபத்து, இருக்கும் வரிகளைத் திருத்தும் பேட்ச் கோரிக்கை. விலை டேபிளில் 'மல்லி' என்று வடிகட்டாமல் அனுப்பினால் பிச்சி, முல்லை, கனகாம்பரம் எல்லாமே மல்லி விலைக்குப் போய்விடும். சேஃப்அப்டேட் எக்ஸ்டென்ஷனைப் போட்டுவிட்டால் 'வேர்' நிபந்தனை (எந்த வரி என்று சொல்வது) இல்லாத அப்டேட்டை டேட்டாபேஸே மறுக்கும்.

மனசு நிறைந்தது தமிழ்ப் பெயர்களில்தான். 'வரவு', 'விலை' என்றே டேபிள் வைக்கலாம், மேற்கோள்குறிகூட வேண்டாம். பெயருக்கு 63 பைட்தான் இடம். தமிழில் ஒரு யூனிகோட் குறியீட்டுக்கு 3 பைட், புள்ளிக்கும் கொம்புக்கும் தனிக் கணக்கு. ஆக 21 குறியீடு. 'மல்லி' 5 குறியீடு, 15 பைட். யூஆர்எல்லில் ஒரு பைட் 3 எழுத்தாகி, 45 எழுத்தாக நீளும். 21ஐத் தாண்டினால் பிழை வராது, ஒரு நோட்டீஸோடு வாலை வெட்டிவிடும். அதைக் கவனி.

காலைச் சந்தையின் 200 வரிகளை ஒரே ஜேசன் பட்டியலாக அனுப்பினால் ஒரே டிரான்சாக்ஷன். ஒரு வரி தப்பானாலும் எதுவும் ஏறாது. கணக்குக்கு இதைவிட என்ன வேண்டும்? இருந்தாலும், கடைக்காரர் வாரம் ஒரு நெடுவரிசை கேட்கும் இந்த ஆரம்ப மாதங்களில் போஸ்ட்கிரெஸ்ட் வேண்டாம் தம்பி. டேபிள் ஒரு நிலைக்கு வந்த பிறகு மாறிக்கொள்.