தொட்டாற்சிணுங்கி பெயின்ட்டோடு ஐந்தரை வருடம்

கார் வாங்கி மூன்றாவது மாதம். இரவு பத்து மணிக்கு மேடவாக்கம் பக்கம் ஒரு பங்கில் பெட்ரோல் போட நிறுத்தினேன். தலைக்கு மேலே வெள்ளை எல்இடி விளக்குகள். சும்மா பானெட்டைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி சிலந்தி வலை பின்னியது போல அத்தனை மெல்லிய கோடுகள். தூசியாக இருக்கும் என்று விரலால் தேய்த்துப் பார்த்தேன். கோடு போகவில்லை, கூட இரண்டு சேர்ந்தது.

2019 டிசம்பரில் எடுத்த வண்டி. ஜப்பானிய ஹேட்ச்பேக், மெட்டாலிக் கலக்காத தனிக் கறுப்பு. எந்த கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, இந்தக் கதை பல கறுப்புக் கார்களுக்குப் பொருந்தும். இன்று 71,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. என்ஜினைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெயின்ட்தான் தொட்டாற்சிணுங்கி.

முதலில் நான் சந்தேகப்பட்டது பெயின்டைத்தான், அது பாதி சரி. காரின் மேலே நாம் பார்க்கும் பளபளப்பு நிறத்துடையது அல்ல. தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிறகு பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மாதிரி கிளியர் கோட். இத்தனையும் சேர்த்து 100 முதல் 140 மைக்ரான்தான் வரும். அதில் கிளியர் கோட் 40 மைக்ரான் சுமாருக்கு. தலைமுடியே 70 மைக்ரான் தடிமன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கிளியர் கோட் சில வண்டிகளில் கெட்டியாக இருக்கும், சிலவற்றில் மெத்தென்று இருக்கும். ஜெர்மன் வண்டிகள் பொதுவாகக் கெட்டி, ஜப்பானியவை மென்மை என்பது பாலிஷ் போடுபவர்களிடையே ஊரறிந்த பேச்சு. என்னுடையது மென்மை ரகம். கூடவே கறுப்பு. வெள்ளையில் இதே கீறல்கள் இருந்தாலும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது.

மீதிப் பாதி என் வீட்டு வாசலிலேயே நடந்துகொண்டிருந்தது. எங்கள் குடியிருப்பில் தினமும் காலையில் ஒரு தம்பி வந்து கார் துடைப்பார். மாதம் 600 ரூபாய். பன்னிரண்டு காருக்கும் ஒரே வாளி, ஒரே துணி. தெருத் தூசியில் மணல் இருக்கிறது, மணலில் குவார்ட்ஸ் இருக்கிறது. சாதாரணக் கத்தி இரும்பைவிடக் கெட்டியான துகள் அது. கிளியர் கோட்டோ ஒரு வகை பிளாஸ்டிக். தூசி படிந்த காரை ஈரத் துணியால் இழுப்பதும், உப்புத்தாளை மெதுவாக இழுப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்தக் கோடுகள் ஏன் வட்டமாகத் தெரிகின்றன என்று ரொம்ப நாள் குழப்பம். அவர் வட்டமாகத் துடைப்பதால்தான் என்று நினைத்து, நேராகத் துடைக்கச் சொல்லிப் பார்த்தேன். அப்போதும் வட்டம்தான் தெரிந்தது. எவர்சில்வர் தட்டை பல்புக்குக் கீழே பிடித்துப் பாருங்கள், விஷயம் புரியும். கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. விளக்குக்குக் குறுக்கே விழுந்தவை மட்டும் ஒளியைக் கண்ணுக்குத் திருப்புகின்றன. அதனால் விளக்கை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும்.

2020 மார்ச்சில் அப்பா கும்பகோணத்திலிருந்து ஒரு வாரத்துக்கென்று வந்தார். ஊரடங்கு வந்தது. ஒரு வாரம் மூன்று மாதமானது. கார் துடைக்கும் தம்பி வர முடியவில்லை. அப்பாவுக்குச் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை. காலை ஆறு மணிக்கு, எங்கேயும் போகாத காரை, கிழிந்த பழைய வேட்டித் துணியால் தினமும் துடைத்தார். தண்ணீர்கூட இல்லாமல். "வேட்டியவிட மெத்துன்னு என்னடா துணி இருக்கு?" என்பார். அவர் சொன்னதும் சரிதான், வேட்டி மென்மைதான். வேட்டிக்கும் காருக்கும் நடுவில் இருந்ததுதான் பிரச்சினை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் கையைக் கட்டிப்போட மனமில்லாமல், தூசி படியாதபடி கார் கவர் வாங்கிப் போட்டேன். அது அதைவிட மோசம். காற்றடிக்கும்போதெல்லாம் கவர் ஆடும், உள்ளே சிக்கிய மணல் அதோடு சேர்ந்து தேய்க்கும். ஜூனில் கவரை எடுத்தபோது கூரை ஓரங்கள் மங்கிப்போயிருந்தன. திறந்தவெளியில் நிறுத்தும் வண்டிக்குக் கவர் போடுவதானால், காரை முதலில் கழுவிவிட்டுப் போட வேண்டும். தினமும் அதற்கு யாருக்கு நேரம்?

நடுவில் ஒரு சர்வீஸில் பெயின்ட் பாதுகாப்பு கோட்டிங் என்று 4,500 ரூபாய் வாங்கினார்கள். வண்டி வெளியே வந்தபோது ஒரு கீறல் இல்லை. வீட்டில் எல்லோரிடமும் காட்டினேன். ஐந்தாவது வாரம், நாலாவது முறை கழுவியபோது, எல்லாக் கோடும் அதே இடத்தில் திரும்ப வந்தது. கீறலை எடுக்காமல் எண்ணெய்ப் பசையான ஏதோ ஒன்றால் நிரப்பி அனுப்பியிருக்கிறார்கள். இதில் ஏமாறாமல் இருக்க ஒரு வழி உண்டு. பாலிஷ் முடிந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து ஒரு இடத்தில் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். நிரப்பியிருந்தால் அங்கேயே பல்லிளித்துவிடும்.

உண்மையான பாலிஷ் செய்துகொண்டது அந்த அக்டோபரில். டிடெய்லிங் கடைக்காரர் முதலில் மைக்ரான் மீட்டர் வைத்து ஒவ்வொரு பேனலாக அளந்தார். 105க்கும் 120க்கும் இடையில் இருந்தது. களிமண் மாதிரி இருக்கும் கிளே பாரால் ஒட்டிய அழுக்கை உருட்டி எடுத்தார். பிறகு கீறலைத் தேய்த்து எடுக்கும் காம்பவுண்ட், பிறகு பளபளப்பு தரும் ஃபினிஷிங் பாலிஷ், இரண்டும் சுற்றிக்கொண்டே அசையும் டூயல் ஆக்‌ஷன் மெஷினில். பானெட்டில் பாதியை முடித்துவிட்டு நடுவில் டேப் ஒட்டிக் காட்டினார். ஒரு பக்கம் சாம்பல், மறு பக்கம் கிணற்றுத் தண்ணீர். மென்மையான பெயின்ட்டின் ஒரே நல்ல குணம் இதுதான்: சீக்கிரம் கீறும், சீக்கிரம் சரியும் ஆகும். மறுபடி அளந்தபோது மூன்று நாலு மைக்ரான் குறைந்திருந்தது. "வருஷா வருஷம் வந்துடாதீங்க சார். சோப்புக் கட்டி மாதிரி கரைஞ்சுட்டே போகும்" என்றார். வேலை தேடி வருபவரைத் திருப்பி அனுப்பும் ஆளை அன்றுதான் பார்த்தேன். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதும் அந்தக் கிளியர் கோட்தான், அது மெலிந்தால் அடியில் இருக்கும் நிறம் வெளுக்க ஆரம்பிக்கும். விரல் நகத்தை குறுக்கே ஓட்டிப் பார்க்கவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். நகம் தடுக்கினால் கீறல் ஆழம், பாலிஷில் போகாது, வீணாகத் தேய்க்க வேண்டாம்.

அன்றே அவரிடம் செராமிக் கோட்டிங்கும் போட்டேன், 22,000 ரூபாய். நான் எதிர்பார்த்ததும் கிடைத்ததும் வேறு வேறு. விளம்பரங்களில் 9எச் கடினம் என்று போடுவார்கள். வைரத்துக்கு அடுத்த படி என்று நினைத்துவிடாதீர்கள், அது பென்சில் அளவு. 9எச் பென்சிலால் தேய்த்தாலும் கீறாது என்பதே அதன் அர்த்தம். மணலுக்குப் பென்சில் கணக்கெல்லாம் தெரியாது. கோட்டிங்கின் தடிமனும் ஓரிரு மைக்ரான்தான். ஆனால் காசு வீண் என்றும் சொல்ல மாட்டேன். தண்ணீர் சேம்பு இலையில் போல உருண்டு ஓடுகிறது, சேறு ஒட்டுவதில்லை, பாதி அழுக்கு வெறும் தண்ணீரிலேயே போய்விடுகிறது. தேய்ப்பது குறைந்தால் கீறல் குறையும். அந்தச் சுற்றுவழியில்தான் அது காப்பாற்றியது. இரண்டரை வருடத்தில் தண்ணீர் உருளுவது நின்றது. அப்புறம் நான் மறுபடி போடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மெல்லிய காப்புப் படலம் விடும் ஸ்ப்ரே சீலன்ட் அடிக்கிறேன், முக்கால்வாசி பலன் அதிலேயே கிடைக்கிறது.

கம்பெனிகள் இதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. மெர்சிடிஸ் 2003லேயே செராமிக் நுண்துகள் கலந்த கிளியர் கோட்டைக் கொண்டுவந்தது. நிசான் 2005ல் எதிர்வழியில் போய், கீறினாலும் மெல்லத் தானே மூடிக்கொள்ளும் பூச்சை அறிமுகப்படுத்தியது. என் வண்டி வரை அந்தப் புண்ணியம் வந்து சேரவில்லை.

கழுவும் முறையை மாற்றியதுதான் பெரிய மாற்றம். வாட்டர் சர்வீஸ் கடைகளுக்கு இப்போது அடிவண்டி கழுவ மட்டும் போகிறேன். மேல்பாகம் வீட்டில்தான். வெயில் ஏறும் முன், வண்டி ஆறியிருக்கும்போது ஆரம்பிப்பேன். முதலில் தண்ணீர் பீய்ச்சி மணலை இறக்க வேண்டும், அதுவரை கை படக் கூடாது. பிறகு இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஒவ்வொரு பேனலுக்குப் பிறகும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பில் முக்குவேன். முதல் தடவை அந்த வாளியின் அடியில் தங்கிய மணலைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. அத்தனையும் முன்பு கார் மேல் அல்லவா சுற்றியிருக்கிறது! கூரையில் தொடங்கிக் கீழே வர வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி. துணி கீழே விழுந்தால் அன்றைக்கு அது கார் மேல் ஏறாது. உலர்த்தும்போது பெரிய டவலை விரித்து ஒற்றி எடுப்பேன், தேய்ப்பதில்லை.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம். துடைக்காமல் விட்டால் கறுப்பில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும், அதை எடுக்கத் தேய்த்தால் மறுபடி கீறல். புதுப் புள்ளிக்கு வினிகரில் சரிபாதி தண்ணீர் கலந்து ஒற்றிவிட்டு உடனே அலசினால் போதும். ஆர்ஓ இயந்திரம் தள்ளும் கழிவுத் தண்ணீர் வீணாகிறதே என்று சிலர் அதில் கார் கழுவுகிறார்கள், வேண்டவே வேண்டாம். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதற்குப் பதில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது என்பதால் அதில் உப்பே கிடையாது. கோடையில் இரண்டு அறை ஏசியும் ஓடினால் ஒரே இரவில் ஒரு வாளி நிரம்புகிறது. கடைசி அலசல் எனக்கு அதில்தான். ஐந்தரை வருடத்தில் செலவே இல்லாமல் கற்றது இது ஒன்று.

கார் துடைக்கும் தம்பியிடம் பேசியதுதான் சங்கடம். "வண்டியத் தொடாதப்பா. கண்ணாடியும் சக்கரமும் மட்டும் பாத்துக்கோ, காசு அதேதான்" என்றேன். "வேற ஆளப் போட்டுட்டீங்களா சார்?" என்று கேட்டார். இல்லை என்பதை அவர் நம்பவே ஒரு மாதம் ஆனது.

ஆயுத பூஜை இன்னொரு சோதனை. சந்தனம் பானெட்டில் காய்ந்து, மறுநாள் யாராவது வறட்டுத் துணியால் துடைத்தால் கதை முடிந்தது. இப்போது சந்தனமும் குங்குமமும் நம்பர் பிளேட்டிலும் கண்ணாடியிலும் மட்டும். சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

2023ல் ஒரு பைக்கின் கைப்பிடி இடது பின்கதவில் இழுத்துவிட்டுப் போனது. நகம் தடுக்கிய கீறல். இன்சூரன்ஸில் போடலாம் என்றார்கள். கணக்குப் போட்டேன். கிளெய்ம் இல்லாமல் ஓட்டியதற்கு அப்போது 35 சதவீதம் போனஸ் இருந்தது, ஒரு கதவுக்காக அது பூஜ்யமாகிவிடும். கையிலிருந்து 5,000 கொடுத்து பெயின்ட் அடித்தேன். தொழிற்சாலையில் வெறும் தகடாக இருக்கும்போது 140 டிகிரி வரை சூடேற்றிக் காய வைப்பார்கள். ஒயரும் பிளாஸ்டிக்கும் மாட்டிய முழு வண்டியை ஒர்க்‌ஷாப்பில் 60 டிகிரிக்கு மேல் கொண்டுபோக முடியாது. முழுதாக இறுகப் பல வாரம் பிடிக்கும் என்று சொன்னதால், இரண்டு மாதம் அதன் மேல் சீலன்ட் எதுவும் போடவில்லை. நிறம் பொருந்திவிட்டது.

பி.பி.எஃப். என்னும் பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டச் சொல்பவர்களும் உண்டு. நல்ல பொருள்தான், 150 மைக்ரானுக்கு மேல் தடித்த பிளாஸ்டிக் தோல், சூடு பட்டால் சின்னக் கோடுகள் தானே மறையும். முழு வண்டிக்கும் எனக்குச் சொன்ன விலை 85,000. இந்தக் காருக்கு அது தலையைவிடப் பெரிய தலைப்பாகை. கதவுக் கைப்பிடிக் குழிகளுக்கும், சாமான் ஏற்றி இறக்கும் பின் பம்பர் விளிம்புக்கும் மட்டும் துண்டு வெட்டி ஒட்டிக்கொண்டேன், 1,800 ரூபாய். மனைவியின் மோதிரமும் பிள்ளையின் பள்ளிப் பை ஜிப்பும் இப்போது அதோடு மல்லுக்கு நிற்கின்றன.

இன்றைய நிலவரம்: பகலில் பளிச்சென்று இருக்கிறது, பங்க் விளக்கில் பார்த்தால் கோடுகள் உண்டு, முன்பிருந்ததில் கால்வாசி. வாரத்தில் ஆறு நாள் தூசியோடுதான் நிற்கிறது. அடுத்தது வெள்ளை அல்லது சில்வர் என்று வீட்டில் தீர்மானம் நிறைவேறிவிட்டது, நான் வாய் திறக்கவில்லை.

இந்தப் பொங்கலுக்கு அப்பா வந்திருந்தார். காலை ஆறு மணிக்கு பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால், வேட்டித் துணியைத் தோளில் போட்டபடி கீழே நிற்கிறார். "தொடலைடா" என்றார், நான் கேட்கும் முன்பே. எதிர் வீட்டுக்காரரின் வெள்ளைக் கார் மட்டும் அன்று பளபளவென்று இருந்தது.