மூடிய துளைக்குள் லேத்திலேயே கீவே: நான்கு வருட அனுபவம்

கீவே என்பது, தண்டையும் அதில் ஏறும் சக்கரத்தையும் இணைக்கும் கீ என்ற துண்டு உட்காரும் நீளக் காடி. மறுபக்கம் திறவாத துளைக்குள் அதை லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) வெட்டிய முதல் தடவை, பிட்டின் (வெட்டும் உளியின்) முனை உடைந்து துளையின் அடியிலேயே தங்கிவிட்டது. பிட் வெட்டி முடித்து வெளியேற அடியில் இடம் விடாததுதான் காரணம். ஒவ்வொரு தள்ளலிலும் உலோகச் சுருள் அறுபடாமல் மடங்கி, ஏழெட்டுத் தள்ளலில் ஒரு சின்னச் சுவராகவே எழும்பிவிட்டது.

அதற்கப்புறம் நான்கு வருடமாக, மூடிய துளை என்றால் லேத்தில்தான் கீவே போடுகிறேன். துளை வழியே தள்ளிக் காடி வெட்டும் பல்வரிசைக் கருவியான புரோச் மறுபக்கம் வெளியேற வேண்டும், அதனால் இங்கே உதவாது. உளியை மேலும் கீழும் ஓட்டிக் காடி செதுக்கும் ஸ்லாட்டிங் மெஷினும் என்னிடம் இல்லை. மெயினை அணைத்து, வேலைத்துண்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலைச் சுழலாமல் பூட்டி, கீ அகலத்துக்குத் தீட்டிய ஹெச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) பிட்டை போரிங் பாரில் (துளைக்குள் நுழையும் கருவித் தண்டில்) செருகி, கருவியைத் தாங்கி நீளவாக்கில் நகரும் கேரேஜைக் கையால் முன்னும் பின்னும் ஓட்டிச் செதுக்க வேண்டும். ஸ்பிண்டில் வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரங்களான பேக் கியரை மட்டும் நம்பிப் பூட்டினால் பற்களுக்கிடையே உள்ள ஆட்டம் கீவேயின் பக்கச் சுவரில் தெரியும். அதனால் வேலைத்துண்டைப் பிடிக்கும் சக்கின் தாடைக்கும் லேத்தின் பெட்டுக்கும் (அடித்தளத்துக்கும்) நடுவில் மரக்கட்டையை ஆப்பாக அடித்துவிடுகிறேன்.

இப்போது போரிங் (துளை குடைதல்) முடிந்த கையோடு, வேலையைச் சக்கிலிருந்து கழற்றும் முன்பே, கீவே முடியும் இடத்தில் சுற்றிலும் ஒரு காடி எடுத்துவிடுகிறேன். ஆழம் கீவேயைவிடச் சற்று அதிகம், அகலம் 4 மி.மீ. இருந்தால் சுருள் அறுந்து விழ இடம் கிடைக்கும். சுற்றுக்காடி எடுத்தால் சுவர் பலவீனமாகும் என்றால், அதே இடத்தில் வெளியிலிருந்து குறுக்காக ஒரு துளை போட்டாலும் போதும். பிட் பாரின் நுனியை ஒட்டியே இருக்கட்டும். பார் மூக்கு நீண்டிருந்தால் பிட் காடியை எட்டும் முன்பே அது அடியில் முட்டும்.

பிட் சரியாக மைய உயரத்தில் நிற்காவிட்டால் கீவே ஒருபக்கமாக ஒதுங்கிவிடும். 6 மி.மீ. கீவே என்றால், முதலில் சக்கில் 6 மி.மீ. விட்டமுள்ள உருளை ஒன்றைக் கடைந்து, அதன் உச்சியில் டயல் இண்டிகேட்டரை (நுண்ணிய உயர வேறுபாட்டைக் காட்டும் அளவியை) பூஜ்யமாக்குகிறேன். பிட்டின் மேல் விளிம்பிலும் அதே பூஜ்யம் வந்தால் உயரம் சரி.

ஆழத்தில் ஏமாந்ததும் உண்டு. துளை வளைவானது, பிட்டின் முனை தட்டையானது. ஆகவே முதலில் தொடுவது பிட்டின் இரண்டு மூலைகள்தான். 20 மி.மீ. துளையில் 6 மி.மீ. பிட் என்றால், மூலைகள் தொட்ட பிறகு நடுப்பகுதி தொட இன்னும் 0.46 மி.மீ. போக வேண்டும். ஹப்பில் (சக்கரத்தின் துளையுள்ள நடுப்பகுதியில்) வேண்டிய ஆழம் 2.8 மி.மீ. நானோ மூலை தொட்டதையே பூஜ்யமாக வைத்து 2.8 ஓட்டி நிறுத்தினேன், கீ ஏறவில்லை. ஓட்ட வேண்டியது 3.26. பிட்டைக் குறுக்காக நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் டயல் விட்டக் கணக்கில் இருந்தால் அதன் இரட்டிப்பு. கடைசியில் எதிர்ச் சுவரிலிருந்து கீவே அடி வரை அளந்து 22.8 வருகிறதா என்று பார்த்துவிடுவேன்.

ஒரு தள்ளலுக்கு 0.05 மி.மீ. போதும், எண்ணெயைத் தாராளமாக விடலாம். திரும்பும்போது கிராஸ் ஸ்லைடைப் பின்வாங்குங்கள், இல்லாவிட்டால் உரசியே முனை மழுங்கும். பார் வளைந்து கொடுப்பதால், கடைசி அளவில் கூட்டாமல் மூன்று நான்கு முறை ஓட்டுவது அவசியம்.

இந்த முறையில் எனக்குள்ள ஒரே குறை, முழுச் சுமையும் கேரேஜை நகர்த்தும் ரேக் (பற்சட்டம்), பினியன் (சிறு பற்சக்கரம்) பற்களில் விழுவது. இரண்டாம் வருடத்தில் கைச்சக்கரத்தில் ஆட்டம் கூடியது. பிறகு கிராஸ் ஸ்லைடின் மேல் உள்ள சிறு ஸ்லைடான காம்பவுண்டின் திருகைக் கழற்றி ஒரு நெம்புகோல் பொருத்தினேன், கேரேஜ் பூட்டியே இருக்கும். வெட்டு எப்படிப் போகிறது என்று கையிலேயே நன்றாக உணர முடிகிறது, வேகமும் கூடியது. காம்பவுண்ட் அச்சுக்கு இணையாக இருக்கிறதா என்று மட்டும் டயல் வைத்துப் பார்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் கீவே அடி சரிவாகும். 60 மி.மீ.க்கு மேல் நீளமானால் என் நெம்புகோல் எட்டாது, மறுபடியும் கைச்சக்கரம்தான். 10 மி.மீ. அகலக் கீவேயை இதில் முயலாமல் ஸ்லாட்டிங்குக்கு அனுப்பிவிடுகிறேன்.