மனிதக்குரங்குக்கு எந்த வீடு: சோலையா, கயிறும் வைக்கோலுமா?

கொரில்லா, சிம்பன்சி, ஒராங்குட்டானுக்கு உறைவிடம் கட்டுவதில் இரண்டு கட்சி உண்டு. காட்டையே கொண்டுவந்து வை என்பது ஒன்று. 1970களின் இறுதியில் சியாட்டில் நகரின் உட்லேண்ட் பார்க் பூங்காவில் ஜோன்ஸ் அண்ட் ஜோன்ஸ் நிறுவனம் அமைத்த கொரில்லா வளாகம் இதற்கு முன்னோடி. நாம் நடக்கும் பாதையிலும் கொரில்லா இருக்கும் பக்கத்திலும் ஒரே மாதிரிச் செடிகொடிகள். நடுவில் இருக்கும் தடுப்பு கண்ணில் படாது.

இன்னொரு கட்சிக்கு இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஜான் ஆஸ்பினால் தொடங்கிய ஹௌலெட்ஸ் பூங்கா உதாரணம். வெளியே இருந்து பார்த்தால் பெரிய கம்பிக்கூண்டுதான். உள்ளே தரை முழுக்க ஆழமான வைக்கோல், அதற்குள் தூவிவிட்ட தீனி, ஏறவும் தொங்கவும் கயிறுகள், தலைக்கு மேலும் பிடித்து நகரக் கம்பிவலை. கொரில்லாக்கள் அங்கே பல தலைமுறையாகக் குட்டி போட்டுப் பெருகின.

இந்தப் பேச்சு எங்கள் வீட்டுக்கு வந்தது அக்கா மகனால். கட்டடக்கலை கடைசி ஆண்டுத் திட்டத்துக்கு உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே இப்படி ஒரு வளாகம் வரைகிறான். காகிதத்தோடு நிற்கப் போகிற வேலைதான். பாம்பனில் கயிறும் வலையும் விற்கிறவன் என்பதால், "மாமா, ரெண்டுல எதுக்குப் போகலாம்?" என்று என்னிடம் கேட்டான். நான் கயிற்றுக் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

சோலையின் பெரிய குறை, அது பெரும்பாலும் நம் கண்ணுக்காக இருப்பது. சிம்பன்சி கையில் மரம் கிடைத்தால் இலையைப் பறிக்கும், பட்டையை உரிக்கும், கிளையை ஒடிக்கும். மரம் பிழைக்க வேண்டுமென்று பல பூங்காக்கள் அடிமரத்தைச் சுற்றி மின்கம்பி கட்டிவிடுகின்றன. தொட்டால் சுரீரென்று அடிக்கும் மரம் அந்தக் குரங்குக்கு எதற்கு? சிமெண்ட் மரமும் அப்படித்தான், கிளை அசையாது, வளையாது. காட்டில் ஒராங்குட்டான் மரம் விட்டு மரம் கடப்பது கிளை வளைந்து கொடுப்பதால்தான். இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டிய வடம் அந்த அசைவைத் தரும். வாஷிங்டன் தேசிய விலங்குப் பூங்காவில் 1995 முதல் உயரமான கோபுரங்களுக்கு இடையே கம்பிவடம் கட்டி, பார்வையாளர் தலைக்கு மேலேயே ஒராங்குட்டான்களைக் கடக்க விடுகிறார்கள். பார்க்கக் காடு போல இருக்காது. ஆனால் அந்த உடம்பு எதற்காக அமைந்ததோ அந்த வேலையை அது அங்கே செய்கிறது.

கொரில்லாவின் கணக்கு வேறு. அது பெரும்பாலும் தரையில் நடமாடி இலைதழை தின்னும்; கூட்டத்துக்குள் சண்டை வந்தால் ஒதுங்க மறைவு வேண்டும், அந்நியர் முறைத்துப் பார்ப்பதும் அதற்குப் பிடிக்காது. அங்கே சோலை உண்மையிலேயே உதவும்; அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம் மண்ணில் உப்புக்காற்றுக்கும் மணலுக்கும் ஈடுகொடுப்பது பனை, உடைமரம், பூவரசு, தாழை. ஆப்பிரிக்கக் காட்டுப் பச்சையை இங்கே வளர்க்க நினைத்தால், கோடையில் குடத்துக்கு வரிசை நிற்கும் ஊரில் லாரித் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதில் எனக்குச் சம்மதமில்லை.

அடுத்தது தடுப்பு. அகழி எனக்கு ஒத்துவராது. கம்பிக்குப் பதில் அகழி என்பதை 1907இல் ஹாம்பர்க்கில் கார்ல் ஹாகென்பெக் செய்துகாட்டினார். பார்வைக்கு அதைவிடச் சுத்தமான தடுப்பு இல்லை. ஆனால் இடத்தைத் தின்னும். நீர் நிரப்பினால், நீச்சல் தெரியாத இந்தக் குரங்குகள் விழுந்து மூழ்கியிருக்கின்றன. 2016இல் சின்சினாட்டியில் ஒரு சிறுவன் அகழியில் விழுந்தான்; அவனைக் காப்பாற்ற ஹராம்பே என்ற கொரில்லாவைச் சுட்டார்கள். கண்ணாடி பக்கத்தில் நின்று பார்க்க விடும், நம் சளியும் இருமலும் அவற்றுக்குத் தொற்றாமலும் தடுக்கும். ஆனால் இங்கே விடிவதற்குள் உப்புப் படிந்து மங்கிவிடும், தினமும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கண்ணாடி ஒரு பக்கம் மட்டும் போதும்.

மிச்சம் கம்பிவலை. அதில் தடுப்பே ஏணியாகிவிடுகிறது, சுவரும் கூரையும் நடமாடும் இடமாகின்றன. துருதான் எதிரி. பழைய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துரு எவ்வளவு வேலை வைத்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். எனவே கடல் உப்பைத் தாங்கும் 316 தர எவர்சில்வர், விலை கூடினாலும் அதுதான்.

கயிறு என் தொழில், அதனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னேன். மீன்வலையை உள்ளே தொங்கவிடாதே. விரல் மாட்டும், நூலைப் பிய்த்து விழுங்கும். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வடத்தை முறுக்கிப் பார்த்தால் உள்ளங்கையில் பொடி உதிரும். அந்த நிலை வருமுன் மாற்றிவிட வேண்டும். தளர்ந்த கண்ணி எங்கேயும் இருக்கக் கூடாது, குட்டியின் கழுத்து அதில் நுழையும். பழைய தீயணைப்புக் குழாயைப் பின்னித் தொட்டிலாகக் கட்டுவது பல பூங்காக்களில் நடக்கிறது, அது நல்ல யோசனை. இந்தக் குரங்குகள் தினமும் இரவுக்குப் புதுப் படுக்கை போட்டுக்கொள்பவை. திருவாடானைப் பக்கத்து வைக்கோலும் காய்ந்த ஓலையும் அதற்குத் தாராளமாகப் போதும்.

அவன் வரைபடத்தில் எனக்கு ஒப்பாதது உள்ளறைகள்தான். வெளியே அத்தனை விரிவு, உள்ளே தாழ்ந்த சிமெண்ட் அறைகள். பாம்பனில் புயல் கூண்டு ஏறினால் நாள் கணக்கில் குரங்குகள் உள்ளேதான் அடைந்து கிடக்கும். உச்சி வெயிலிலும் அதே கதி. "மாப்ள, உள்ளேயும் அதே உயரம், அதே வடம், அதே வைக்கோல் வை. கதவை ரெண்டு பக்கமும் திறந்து விடு, எங்கே இருக்கணும்னு அது முடிவு பண்ணட்டும்" என்றேன். அதற்கான செலவைச் சோலைக்கு ஒதுக்கிய கணக்கிலிருந்து இப்போது எடுத்துக்கொண்டிருக்கிறான்.