எச்சரிக்கை: பார்சல் குறுஞ்செய்தி வழியாக என் கார்டு பறிபோன விதம்

சென்ற மாதம் ஒரு குறுஞ்செய்தியை நம்பி, என் கார்டு விவரங்களையும் அதைவிட முக்கியமான இரண்டு ஓடிபி எண்களையும் மோசடிக்காரர்களிடம் நானே கொடுத்துவிட்டேன். கணக்கிலிருந்து பணம் மூன்று முறையாக எடுக்கப்பட்டது. அதில் ஒரு பகுதி மட்டுமே இதுவரை திரும்பி வந்திருக்கிறது. பல ஆண்டுகளாக இணையத்தில் புழங்குகிறவன் என்பதால், இப்படிப்பட்ட செய்திகளைப் பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொள்வேன் என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை எந்தெந்த இடத்தில் தவறியது என்பதை வரிசையாகச் சொன்னால், இதே செய்தி உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கோ வரும்போது கை ஒரு கணமாவது தயங்கும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அன்று நான் உண்மையாகவே ஒரு பார்சலுக்காகக் காத்திருந்தேன். கூரியர் நிறுவனத்திடமிருந்து முந்தைய நாள் ஒன்றும் அன்று காலை ஒன்றுமாக இரண்டு குறுஞ்செய்திகள் வந்திருந்தன, இரண்டும் உண்மையானவை. பிற்பகலில் மூன்றாவது செய்தி, அதே பெயரில், அந்த இரண்டுக்கும் அடுத்ததாக வந்து நின்றது. முகவரி முழுமையாக இல்லாததால் பார்சல் கிடங்கிலேயே வைக்கப்பட்டிருப்பதாகவும், மறுபடி கொண்டுவருவதற்கான சிறு கட்டணத்தை மாலைக்குள் செலுத்தாவிட்டால் அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பப்படும் என்றும் அதில் இருந்தது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. பிழைகளை வைத்து மோசடியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று இன்னமும் பலர் சொல்கிறார்கள். அந்தக் காலம் முடிந்துவிட்டது, தயவுசெய்து அதை நம்பி இருக்காதீர்கள். கட்டணமோ, யோசித்துப் பார்க்கவே தோன்றாத அளவுக்குச் சிறியது. அவர்களுக்கு வேண்டியது அந்தக் கட்டணம் அல்ல, அதைச் செலுத்துவதற்காக நான் எடுத்து நீட்டப்போகும் கார்டு என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எனக்குப் பார்சல் வரவிருப்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரே செய்தியை ஏராளமான எண்களுக்கு அனுப்பினால், அன்றைக்குப் பார்சலை எதிர்பார்த்திருப்பவர்கள் அதில் சிலராவது இருப்பார்கள். வலை விரிக்கப்படுவது அந்தச் சிலருக்காகத்தான். உண்மையான செய்திகளின் வரிசையிலேயே அது வந்து சேர்ந்ததற்கும் காரணம் உண்டு. குறுஞ்செய்தி அனுப்புகிறவர் எண்ணுக்குப் பதிலாக ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டிக்கொள்ள முடியும். அந்தப் பெயர் அவருக்கு உரியதுதானா என்று சோதிக்கும் ஏற்பாடு எல்லா நாடுகளிலும் இறுக்கமாக இல்லை. நம் கைபேசி, ஒரே பெயரில் வருகிற அனைத்தையும் ஒரே இடத்தில் அடுக்கிவிடுகிறது. ஆகவே, ‘முன்பு வந்த உண்மையான செய்திகளுக்குக் கீழேதானே வந்திருக்கிறது’ என்பது எதற்கும் சான்று ஆகாது. மின்னஞ்சலிலும் இதே நிலைதான். இன்றும் பயன்பாட்டில் இருக்கும் எஸ்எம்டிபி என்ற அஞ்சல் நெறிமுறை 1982-இல் வகுக்கப்பட்டபோது, அனுப்புநர் தன்னைப் பற்றிச் சொல்வது உண்மையா என்று பார்க்கும் ஏற்பாடு அதில் சேர்க்கப்படவில்லை. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் போன்ற சோதனைகள் வெகுகாலம் கழித்தே வந்தன. அவையும் மின்னஞ்சல் வந்த தளத்தின் பெயரைத்தான் சோதிக்கும், முகவரிக்கு முன்னால் பெரிய எழுத்தில் தெரிகிற பெயரை அல்ல. கைபேசியிலோ பெரும்பாலும் அந்தப் பெயர் மட்டும்தான் கண்ணில் படுகிறது.

செய்தியில் இருந்த இணைப்பைத் தொட்டேன். திறந்த பக்கத்தில் நிறுவனத்தின் சின்னமும் நிறமும் எழுத்துருவும் அப்படியே இருந்தன. மேலே முகவரிப் பட்டையில் நிறுவனத்தின் பெயர் முதலில் இருந்தது. அதைப் பார்த்ததும் திருப்தி அடைந்துவிட்டேன். கடித உறையில் கதவு எண்ணும் தெருவும் முதலில் வந்தாலும், கடிதம் எங்கே போகிறது என்பதைக் கடைசியில் உள்ள ஊர்ப் பெயர் தீர்மானிப்பது போல, இணைய முகவரியிலும் தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை (//) விட்டு, அதற்குப் பிறகு வரும் முதல் தனிச் சாய்கோட்டுக்கு (/) உடனடியாக முன்னால் இருக்கும் பகுதிதான் தளம் யாருடையது என்பதைச் சொல்கிறது. அதற்கு முன்னால் எந்த நிறுவனத்தின் பெயரையும் யாரும் ஒட்டிக்கொள்ளலாம். என் விஷயத்தில் அந்த இடத்தில் இருந்தது, கூரியருக்கு எந்தத் தொடர்பும் இல்லாத, நான்கைந்து எழுத்துகளைக் கோத்த ஒரு பெயர். சில சமயம் அந்த இடத்தைப் பார்த்தாலும் ஏமாற வாய்ப்புண்டு. 2017-இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர், ரஷ்ய மொழி எழுதப் பயன்படும் சிரிலிக் எழுத்துகளை மட்டுமே கொண்டு, பார்வைக்கு ஆப்பிள் நிறுவனத்தின் முகவரியைப் போலவே தோன்றும் ஒரு தளத்தைப் பதிவுசெய்து காட்டினார். அப்போதைய குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் பூட்டு அடையாளமும் நம்மைக் காக்காது. நமக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவலை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். அந்தத் தளம் நேர்மையானவர்களுடையது என்பதல்ல. இந்தக் குழப்பத்தால்தான் 2023-இல் குரோம் உலாவி அந்தப் பூட்டையே நீக்கிவிட்டு வேறு அடையாளத்தை வைத்தது.

அந்த இடத்தில் எனக்கு ஓர் எச்சரிக்கை கிடைத்தது. பக்கம் முதலில் கூரியர் தளத்துக்கான என் பாஸ்வேர்டைக் கேட்டது. வழக்கமாக உலாவியே அதை நிரப்பிவிடும். அன்று கட்டம் காலியாகவே இருந்தது. பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருக்கும் மென்பொருள் சின்னத்தையும் நிறத்தையும் பார்ப்பதில்லை, முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. ஒத்துவராததால் அது நிரப்பவில்லை. நானோ ஏதோ கோளாறு என்று எண்ணி, கையால் தட்டச்சு செய்து கொடுத்தேன். எப்போதும் தானாக நிரம்புகிற கட்டம் ஒருநாள் காலியாக நின்றால், அங்கேயே நிறுத்திவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து கார்டு எண், காலாவதி மாதம், பின்புறத்தில் இருக்கும் மூன்று இலக்கம் ஆகியவற்றைக் கொடுத்தேன். சுழலும் வட்டம் ஒன்று தோன்றியது. சில நொடிகளில் வங்கியிடமிருந்து ஓடிபி வந்தது. அறிவிப்பில் ஆறு இலக்கங்கள் மேலாகத் தெரிந்தன. அதைப் பார்த்துப் பக்கத்தில் இட்டேன். ‘எண் தவறு, புதிய எண்ணை இடவும்’ என்று வந்தது. இரண்டாவது ஓடிபி வந்தது, அதையும் இட்டேன். உடனே கூரியர் நிறுவனத்தின் உண்மையான முகப்புப் பக்கம் திறந்தது, அதனால் எல்லாம் ஒழுங்காக முடிந்தது என்று கைபேசியை வைத்துவிட்டேன்.

அன்றிரவு வங்கியின் செய்திகளை முழுதாகத் திறந்து படித்தபோது உடல் நடுங்கியது. முதல் ஓடிபியில், என் கார்டை வேறொரு கைபேசியின் பணப்பையில், அதாவது கார்டைக் கையில் வைத்திருக்காமலே பணம் செலுத்த உதவும் செயலியில், சேர்ப்பதற்கான எண் இது என்று தெளிவாக எழுதியிருந்தது. இரண்டாவது செய்தியில், இன்ன தொகைக்கான பரிவர்த்தனை என்று இருந்தது; அந்தத் தொகைக்கும் கூரியர் கட்டணத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வங்கி தன் பங்குக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறது. நான் ஆறு இலக்கத்தை மட்டும் படித்து, அதைச் சுற்றியிருந்த வாக்கியத்தைப் படிக்காமல் விட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்துக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்துகொண்டோ, ஒரு நிரல் இயங்கிக்கொண்டோ, நான் இடுவதை அதே நொடியில் வங்கியிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது. ஓடிபி கேட்கப்படுவதே பாதுகாப்புக்கு அடையாளம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: அந்த எண் எதற்கு என்பதைப் படிக்காமல் இட்டால், அது நம் கையெழுத்திட்ட வெற்றுத்தாளுக்குச் சமம்.

கார்டின் பின்புறம் அச்சிட்டிருந்த எண்ணை அழைத்து கார்டை முடக்கினேன். பணப்பையில் சேர்க்கப்பட்ட கார்டையும் தனியாக நீக்கச் சொல்ல வேண்டும் என்று அங்கிருந்தவர் சொல்லித்தான் தெரிந்தது. இணையத்தில் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடி அழைக்காதீர்கள். தேடல் முடிவுகளிலும் போலி எண்கள் கலந்திருக்கின்றன. பிறகு பாஸ்வேர்டை மாற்றினேன். அதே பாஸ்வேர்டை என் மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தேன் என்பதால் அதையும் மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் கட்டளையைக் கொடுத்து, அஞ்சல்களை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் விதி எதுவும் அமைப்புகளில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்தேன். இந்தக் கடைசிச் சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் அந்த விதி வழியாக நம் கடிதங்கள் போய்க்கொண்டே இருக்கும். குறுஞ்செய்தியை அழிக்காமல், முகவரி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, வங்கிக்கு எழுத்து வடிவிலும் காவல் துறைக்கும் புகார் கொடுத்தேன். பார்சல் மறுநாள் காலை எந்தக் கட்டணமும் இல்லாமல் வந்து சேர்ந்தது.

ஒரு செய்தி உண்மையா பொய்யா என்று உற்றுப் பார்த்துத் தீர்மானிக்கும் முயற்சியையே இப்போது விட்டுவிட்டேன். இந்தத் துறையிலேயே வேலை செய்கிறவர்களும் தவறுகிறார்கள். 2022-இல் கிளவுட்ஃபிளேர் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர்களுக்கு, நிறுவனத்தின் நுழைவுப் பக்கத்தைப் போலவே அமைந்த ஓர் இணைப்புடன் குறுஞ்செய்திகள் வந்தன. மூன்று ஊழியர்கள் தங்கள் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் உள்ளே நுழைய முடியவில்லை, ஏனென்றால் அங்கே ஓடிபிக்குப் பதிலாக, உண்மையான முகவரியோடு பிணைக்கப்பட்ட வன்பொருள் சாவி என்ற சிறு கருவி கட்டாயமாக இருந்தது. பாஸ்வேர்டுக்குப் பதிலாக நம் கைபேசியின் பூட்டைத் திறப்பது போலவே உள்ளே நுழைய உதவும், இன்று பல தளங்கள் தருகிற பாஸ்கீ வசதியும் அதே முறையில் இயங்குகிறது. போலித் தளத்தில் அது வேலை செய்யாது. கிடைக்கும் இடங்களில் எல்லாம் நான் அதற்கு மாறிவிட்டேன். கிடைக்காத இடங்களில், செய்தி எவ்வளவு உண்மையாகத் தோன்றினாலும், அதில் உள்ள இணைப்பையும் எண்ணையும் தொடாமல், நிறுவனத்தின் செயலியை நானே திறந்தோ முகவரியை நானே தட்டச்சு செய்தோ உள்ளே போய்ப் பார்க்கிறேன். உண்மையிலேயே கட்டணம் பாக்கி இருந்தால் அங்கேயும் இருக்கும். மேலதிகாரியின் பெயரில் அவசரமாகப் பணம் அனுப்பச் சொல்லும் மின்னஞ்சலுக்கும், வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டதாகச் சொல்லும் பில்லுக்கும் இதே வழிதான்: ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் எண்ணில் அழைத்துக் கேட்க வேண்டும். அறிமுகமில்லாத செய்திக்கு ‘நிறுத்து’ என்று பதில் அனுப்புவதும் கூடாது. இந்த எண்ணில் ஆள் இருக்கிறார் என்று அதுவே அவர்களுக்குச் சொல்லிவிடும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புகார் கொடுத்துப் பத்து நாள் கழித்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகவும், அதற்குமுன் ஒரு சிறு பதிவுக் கட்டணம் செலுத்த வேண்டும் என்றும் அதில் இருந்தது. என் கார்டின் கடைசி நான்கு இலக்கமும் சரியாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. அந்த நான்கு இலக்கத்தைப் பார்த்ததும் வங்கியே அனுப்பியதோ என்று ஒரு நிமிடம் மனம் இளகியது உண்மை. அந்த எண்ணை முழுதாக நான் தட்டச்சு செய்து கொடுத்த பக்கம் ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. வங்கியை அழைத்துக் கேட்டேன். அப்படி எதுவும் தாங்கள் அனுப்பவில்லை என்றார்கள். ஏமாந்தவர்களின் விவரங்கள் கைமாறுகின்றன, பணத்தைத் திரும்பப் பெறும் ஆசையையே வைத்து மறுபடியும் வருகிறார்கள். அந்த மின்னஞ்சலை, அது எங்கிருந்து எந்த வழியாக வந்தது என்பதைக் காட்டும் முழுத் தலைப்பு விவரங்களோடு, என் முதல் புகாருடன் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கும் அப்படி ஒன்று வந்திருந்தால் கட்டணம் எதுவும் செலுத்தாமல் நீங்களும் அப்படியே கொடுத்துவிடுங்கள்.