முகத்துத் தையல்: பிரிக்கிற நூலா, கரைகிற நூலா?

போன மாதம் டியூட்டியில் ஒரு நாலு வயதுப் பையன், மேசை முனையில் மோதி நெற்றி கிழிந்து வந்தான். ட்ரேயில் பிறகு பிரிக்க வேண்டிய 6-0 நைலானும் இருந்தது, தானாகக் கரையும் 5-0 விக்ரில் ராபிடும் இருந்தது (எண்கள் நூலின் தடிமனைச் சொல்பவை). நான் ராபிடை எடுத்ததும் பக்கத்தில் நின்ற ஜூனியர், "முகத்துக்கு நைலான்தானே சார்?" என்றார். நியாயமான கேள்வி. நானும் அப்படித்தான் படித்தேன், பல வருடம் அப்படித்தான் தைத்தேன்.

நைலானின் பெருமை எல்லோருக்கும் தெரியும். ஒற்றை இழை, சதைக்கு எரிச்சல் குறைவு, கிருமி தங்க இடமில்லை. விறைப்பானது என்பதால் முடிச்சு நழுவும், கூடுதலாக ஒரு சுற்றுப் போட வேண்டும். புருவத்தில் மட்டும் நீல நிற பாலிபுரொப்பிலீன்தான். கறுப்பு நைலானைப் போட்டுவிட்டு ஐந்தாம் நாள் எது முடி, எது முடிச்சு என்று தேடியது ஒரு தடவை போதும். பட்டு நூல் முகத்தோலுக்கு வேண்டாம்.

என்னை மாற்றியது தையல் பிரிக்கிற வேலைதான். முகத்தில் 3 முதல் 5 நாளுக்குள் பிரித்துவிட வேண்டும். தள்ளிப்போனால் நூல் போன ஓட்டை வழியே தோல் உள்ளே இறங்கி வளரும், அப்புறம் கோட்டின் இரண்டு பக்கமும் புள்ளி வைத்து, பூரான் படுத்த மாதிரித் தழும்பு. ஐந்தாம் நாள் வரச் சொன்னால், காயம்தான் ஆறிவிட்டதே என்று பத்தாம் நாள் வருகிறவர்கள் எத்தனையோ பேர். குழந்தையென்றால் இன்னும் மோசம். தைக்கும்போதாவது மரப்பு ஊசி உண்டு, பிரிக்கும்போது அதுவும் கிடையாது. இரண்டு பேர் தலையைப் பிடிக்க, அது திமிற, கண்ணுக்கு அரை அங்குலம் மேலே நம் கத்தரி முனை.

ராபிடில் இந்தக் கூத்து இல்லை. 5 நாளில் பாதி பலம் போய்விடும், 10 முதல் 14 நாளில் மொத்தமும். விலங்குக் குடலில் செய்த, சீக்கிரம் கரையும் கேட்கட் நூல் இன்னும் வேகம், ஒரு வாரம்கூடத் தாங்காது, ஆனால் முடிச்சைக் கொஞ்சம் இழுத்தாலே பட்டென்று அறுந்துவிடும், எனக்குப் பொறுமை கிடையாது. குழந்தைகளின் முகக் காயங்களில் கரையும் நூலையும் நைலானையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், சில மாதம் கழித்துத் தழும்பில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

கவரை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். சாதாரண விக்ரில் வேறு, ராபிட் வேறு. சாதாரணத்துக்கு மூன்று வாரம் கழித்தும் பாதி பலம் இருக்கும், அது உள்தையலுக்கு. அவசரத்தில் ஒருமுறை அதைத் தோலில் போட்டுவிட்டு, சிவந்து வீங்கிய பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

ராபிடும் பட்டு மாதிரிப் பின்னல் நூல்தான், இழைகளுக்கு நடுவே கிருமி தங்க இடமுண்டு, மறைக்கவில்லை. அழுக்கான காயத்தில் இன்றும் என் கை நைலானுக்குத்தான் போகிறது. சொன்ன நாளில் கட்டாயம் வந்துவிடும் பெரியவர்களுக்கும் நைலானே சரி. இமையில் நான் தைத்தது விரல் விட்டு எண்ணும் அளவுதான், அதில் என் பேச்சை நம்பாதீர்கள்.

அந்தப் பையனின் அம்மா ஒன்பதாம் நாள் போன் செய்தார். "முகம் துடைக்கும்போது தையல் துண்டோடயே வந்துடுச்சு டாக்டர், தூக்கிப் போட்டுடலாமா?"