பத்து வருஷம் தாண்டியும் ஓடுற ரக்சாக், அத வித்த கடைதான் தள்ளாடுது

ரக்சாக், அதான் ட்ரெக்கிங்குக்கு முதுகுல மாட்டுற பெரிய பேக், 2014ல வாங்குனது, 60 லிட்டர், அப்போ 4,800 ரூபா. இன்னைக்கும் ஓடுது. ரிவ்யூன்னா இதோட முடிச்சுக்கலாம், ஆனா ஏன் ஓடுதுன்னு சொல்லணும்னா அந்தக் கடையப் பத்தி பேசாம முடியாது. பெங்களூர்ல கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னாடி ஒரு சந்துல இருக்குற சின்ன கடை, ட்ரெக்கிங் போற பழைய ஆளுங்களுக்கு சொன்னா புரிஞ்சிடும். பேர் போட வேணாம்னு ஓனர் அண்ணனே சொல்லிட்டாரு, "பேரப் பாத்து கூட்டம் வரும் தம்பி, போட்டோ எடுத்துட்டு போயிடும்"னு. அல்சூர்ல மூணு தலைமுறையா இருக்குற தமிழ் குடும்பம், கடைக்குள்ள தமிழ் கன்னடம் தக்னி உருது இங்கிலீஷ் எல்லாம் ஒரே வாக்கியத்துல ஓடும்.

மொதல்ல பேக். நான் போய் "60 லிட்டர் காட்டுங்கண்ணே"ன்னு கேட்டதுக்கு அவரு எதையும் எடுத்துக் காட்டல, குனியுங்கன்னாரு. தலைய முன்னாடி தொங்கப் போட்டா கழுத்துக்குக் கீழ ஒரு எலும்பு துருத்திக்கிட்டு வரும்ல, அங்க டேப்போட ஒரு முனைய வெச்சாரு, என் ரெண்டு கட்டைவிரலையும் இடுப்பு எலும்பு மேல வைக்கச் சொல்லி அந்த ரெண்டு விரலுக்கும் நடுவுல முதுகுல டேப்பு எங்க வருதுன்னு பாத்தாரு. ஆளோட உயரத்துக்கும் இந்த அளவுக்கும் சம்பந்தமே இல்ல, ஆறடி ஆளுக்கு முதுகு குட்டையா இருக்கலாம். அப்புறம் கல்லாவுக்குக் கீழ இருந்து அரிசி மூட்டைங்க, சின்ன சின்னதா தச்சு வெச்சது, பன்னெண்டு கிலோ வர்ற மாதிரி பேக்குக்குள்ள அடுக்கி, மாடிப்படி ஏறி எறங்கச் சொன்னாரு. இடுப்பு பெல்ட்ட மொதல்ல கட்டணும், அது எலும்பு மேல உக்காரணும், வயித்து மேல இல்ல, அப்புறம்தான் தோள் வார இழுக்கணும், கடைசியா தோளுக்கு மேல சாய்வா போற லோட் லிஃப்டர்ங்கிற சின்ன வார். நாம எல்லாரும் இத தலைகீழா பண்ணிட்டு கழுத்து வலிக்குதுன்னு பேக்க திட்டுவோம். ரெண்டு பேக்க அவரே வேணாம்னுட்டாரு, அதுல ஒண்ணு நான் கேட்டதவிட ரெண்டாயிரம் அதிகம்.

இதெல்லாத்துக்கும் முக்கா மணி நேரம் ஆச்சு. இந்த முக்கா மணி நேரத்துக்கு அவரு பில்லுல ஒரு ரூபா கூட போடல, அங்கதான் அந்தக் கடையோட பிரச்சனையே இருக்கு, அதுக்கு வர்றேன்.

துணி ரிப்ஸ்டாப் நைலான், அதாவது கிழிசல் பரவாத மாதிரி நெய்யறது, இத்தன வருஷத்துல எங்கயும் கிழியல, அடியில மட்டும் பாறைல தேய்ச்ச இடத்துல வெளுத்திருக்கு. போனது என்னன்னா, இடுப்பு பக்கிள் ஒரு தடவ பஸ்ல யாரோ மிதிச்சு ஒடஞ்சுது, மேல் ஜிப் மூடுனாலும் பின்னாடியே தொறந்துக்க ஆரம்பிச்சுது, அப்புறம் தண்ணி எறங்காம இருக்க உள்பக்கம் பூசியிருக்குற பாலியூரித்தேன் கோட்டிங் வெயில்ல தோல் உரியற மாதிரி உரிஞ்சு ஒரு புளிச்ச நாத்தம் அடிக்க ஆரம்பிச்சுது. இந்த மேட்டர் பாலியூரித்தேன் கோட்டிங் போட்ட பேக்குலயும் டென்ட்டுலயும் வரும், காத்துல இருக்குற ஈரம் அந்த பாலியூரித்தேன கொஞ்சம் கொஞ்சமா ஒடச்சிடும், ஈரத்தோட சூடும் சேந்தா இன்னும் சீக்கிரம். மழைக்காலத்துல பரண் மேல சுருட்டிப் போட்டு வெச்சா அவ்ளோதான். கவர்ல கட்டி வைக்காம காத்தோட்டமா தொங்கவிடுங்க, இது அண்ணன் பேக் விக்கும்போதே சொன்னது.

ஜிப்புக்கு வேற ரெண்டு எடத்துல காட்டுனேன், முழு ஜிப்பும் மாத்தணும், 900 ஆகும்னாங்க. இவரு ஒரு பாட்டரி டார்ச்ச அடிச்சு பாத்துட்டு, "பல்லு நல்லாத்தான் இருக்கு, ரன்னர்தான் வாயத் தொறந்துடுச்சு"ன்னாரு. ரன்னர்னா ஜிப்ப மூட தொறக்க நாம இழுக்குற அந்த துண்டு, அதத் திருப்பிப் பாத்தா பின்னாடி சின்னதா ஒரு நம்பர் இருக்கும், அஞ்சு, எட்டு, பத்துன்னு. அதே நம்பர்ல அதே டைப் ரன்னர் வேணும், அத ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல இருந்து பொறுக்கி எடுத்து, ஓரத்துல ரெண்டு தையல் பிரிச்சு, பழச உருவி புதுச கோத்து, திரும்ப தச்சுக் குடுத்தாரு. குறடுல லேசா நசுக்கினாலும் தற்காலிகமா மூடும், ஆனா ரொம்ப நாள் தாங்காது. வாங்குனது எண்பது ரூபா. நான் வாதாடி இருநூறு குடுத்தேன், அக்கா (பில் போடுறது அவங்க) சில்லறைய திருப்பி நீட்டுறாங்க.

இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க. எனக்கு வித்த ஒரு பேக், அத அவரே சரி பண்ணி சரி பண்ணி ஓட்டுறாரு, அதனால நான் ரெண்டாவது பேக் வாங்கவே இல்ல. இவரு நல்லா வேல செய்ற ஒவ்வொரு தடவையும் ஒரு வியாபாரம் போகுது.

ஷூ கதையும் இதேதான். லாக்டவுன் முழுக்க பெட்டிக்குள்ள இருந்த ஷூவ மாட்டிக்கிட்டு ஒரு ஃப்ரெண்டு என்கூட குமார பர்வதம் வந்தான், கர்நாடகாவுல குக்கே சுப்ரமண்யா பக்கத்து மலை, 1,712 மீட்டர், எறக்கத்துலதான் அந்த மலை ஆள சாகடிக்கும். பாதி வழில இருக்குற கிரிகத்தே பக்கம் வர்றதுக்குள்ள ரெண்டு சோலும் பிரிஞ்சு தொங்குது, நடுவுல இருக்குற ஃபோம் மாவு மாதிரி உதிருது. போடாம வெச்ச ஷூதானே புதுசாத்தானே இருக்கும்னு எல்லாரும் நெனக்கிறாங்க, அப்படி இல்ல, அந்த நடு ஃபோமும் பாலியூரித்தேன்தான், பெட்டிக்குள்ள இருந்தாலும் ஈரம் அத தின்னுக்கிட்டேதான் இருக்கும். கயிறு போட்டுக் கட்டி எறக்கி, மறுவாரம் அண்ணன்கிட்ட கொண்டு போனா பசை கூட விக்க மாட்டேன்னுட்டாரு. "உதிர்ற மண்ணு மேல பசை போட்டு என்ன பிரயோஜனம், தூக்கிப் போடுங்க"ன்னு சொல்லிட்டு, சரி புதுசு குடுங்கன்னா அவன் சைஸு கடைல இல்ல.

சைஸ் இல்லாததுக்கும் காரணம் இருக்கு. 2020 பட்ஜெட்ல வெளிநாட்டு ஷூவுக்கு கஸ்டம்ஸ் வரி 25ல இருந்து 35 சதவீதம் ஆச்சு. அப்புறம் பிஐஎஸ்ங்கிற இந்திய தர நிர்ணய அமைப்போட சான்று ஷூவுக்கு கட்டாயம் ஆச்சு, வெளிநாட்டு ஃபேக்டரியா இருந்தாலும் லைசென்ஸ் வாங்கணும். பெரிய கம்பெனி இங்கயே தயாரிச்சு சமாளிச்சுக்கும், வருஷத்துக்கு கொஞ்சமா எறக்குற டிஸ்ட்ரிபியூட்டர் கைய விரிச்சுட்டா அந்த டிஸ்ட்ரிபியூட்டர நம்பி இருக்குற கடை என்ன பண்ணும், எட்டும் ஒம்போதும் இருக்கும், ஆறும் பதினொண்ணும் இருக்காது.

பலரும் டெகாத்லான்ங்கிற பெரிய ஸ்போர்ட்ஸ் கடை கம்பெனி வந்துதான் இந்தக் கடைங்கள கொன்னுடுச்சுன்னு பேசுவாங்க. எனக்கு அதுல முழு உடன்பாடு இல்ல. அவங்க சர்ஜாபூர் ரோட்ல கடை தொறந்தது 2009ல, நான் இவர்கிட்ட பேக் வாங்குனதே அதுக்கு அஞ்சு வருஷம் கழிச்சு, அப்பவும் சனிக்கிழமை சாயங்காலம் உள்ள நிக்க எடம் இருக்காது. சொல்லப்போனா அங்க விலை கம்மியா கெடச்சதாலதான் ஐடி பசங்க பாதி பேர் ட்ரெக்கிங் பக்கமே வந்தாங்க, அதுல சில பேர் அடுத்த கட்டமா இவர்கிட்ட வந்தாங்க. இவர அடிச்சது மொதல்ல ரோடு. மெட்ரோ பிங்க் லைன் எம்.ஜி. ரோடு ஸ்டேஷனுக்காக, கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் வர்ற காமராஜ் ரோட்ட 2019ல மூடுனாங்க, அஞ்சு வருஷம் கழிச்சு 2024லதான் ஒரு பக்கம் தொறந்தாங்க. நடுவுல 2020ல கொரோனா, அதே வருஷம் ஸ்மார்ட் சிட்டின்னு கமர்ஷியல் ஸ்ட்ரீட்டயே தோண்டிப் போட்டாங்க. ட்ராஃபிக்ல சுத்திக்கிட்டு வர்றதுக்கு பதிலா போன்லயே ஆர்டர் போட்டுடலாம்னு பழகிட்டா அப்புறம் யாரு வருவா.

வருமானத்துல பாதி வாடகை சாமான்ல வந்துக்கிட்டு இருந்துது, டென்ட், ஸ்லீப்பிங் பேக், ஹெட்லேம்ப். அதுவும் படுத்துடுச்சு. குதுரேமுக் நேஷனல் பார்க்குக்குள்ள ராத்திரி தங்க விடமாட்டாங்க, மத்த காடுங்கள்லயும் கெடுபிடி அதிகம், இமயமலை போறவங்களுக்கு ட்ரெக்கிங் கம்பெனியே டென்ட் குடுத்துடுது. 2024 ஜனவரில குமார பர்வதத்துல கோயில் க்யூ மாதிரி ஆளுங்க நின்ன வீடியோ பரவுச்சே ஞாபகம் இருக்கா, அதுக்கப்புறம் ஆன்லைன் புக்கிங் வர்ற வரைக்கும் பல ட்ரெக்க நிறுத்தி வெச்சாங்க. காட்டுக்கு அது தேவைதான், அத நான் குறை சொல்ல மாட்டேன், ஆனா அந்த மாசம் அட்வான்ஸ் திருப்பிக் குடுத்தே அண்ணன் கை காலி.

இவ்ளோ அடிக்கு நடுவுலயும் நல்லா போற ஒரே சரக்கு, ரத்தம் குடிக்கிற அட்டைப்பூச்சி ஏறாம இருக்க போடுற அட்டை சாக்ஸ். நெருக்கமா நெய்த காட்டன் துணில முழங்கால் வரைக்கும், சிவாஜிநகர் டெய்லர் ஒருத்தர் இவருக்காக தச்சுக் குடுக்குறது. சாதா சாக்ஸோட கண்ணி வழியா அட்டை மூஞ்ச நொழச்சிடும், இதுல முடியாது. ஜூலைல சிக்மகளூர் பக்கம் போட்டுட்டு போனேன், துணி மேல வரிசையா ஏறுது, கடிக்க எடம் கெடைக்காம முழங்கால் வரைக்கும் வந்துடுது, அங்க நாடாவ இறுக்கிக் கட்டலைன்னா உள்ள பூந்துடும். ஒரே குறை, நனஞ்சா கனமாயிடுது, காய ஒரு நாள் ஆகுது. 350 ரூபா, தாராளமா வாங்கலாம்.

கடை இப்ப கீழ் போர்ஷன விட்டுட்டு மாடிக்குப் போயாச்சு. போன வருஷம் ஒருத்தர் ஒரு மணி நேரம் நாலு பேக் மாட்டி பாத்துட்டு, அண்ணன் முன்னாடியே மாடல் நம்பர போன்ல அடிச்சு, அங்க நானூறு கம்மின்னு சொல்லிட்டு எறங்கிப் போனாரு. அதுக்கப்புறம் அக்கா ஒரு அட்டைல எழுதி மாட்டிட்டாங்க: அளவு பாக்க 300 ரூபா, பேக் வாங்குனா பில்லுல கழிச்சுக்குவோம். அண்ணனுக்கு இன்னும் கூச்சம், அட்டைக்கு முன்னாடி நின்னு மறைச்சுக்கிட்டே பேசுறாரு. என்னக் கேட்டா 300 கம்மி, 500 வாங்கணும், வேற கடைல வாங்குன பேக்குக்கும் காசு வாங்கிட்டு அளவு செட் பண்ணிக் குடுக்கணும், ரிப்பேருக்கு எண்பது எல்லாம் இனிமே கூடாது. மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டேன். அக்கா தலையாட்டுனாங்க, அண்ணன் டீ சொன்னாரு.

நான் வெச்சிருக்குற மாடல் இப்ப வர்றதில்ல, அதனால அதையே வாங்குங்கன்னு சொல்ல முடியாது. ரிப்பேருக்குப் போறவங்க பதினொரு மணிக்கு மேல போங்க, திங்கக்கிழமை லீவு. பேக்க துவச்சு காய வெச்சு கொண்டு போங்க, சேறோட நீட்டுனா கையால தொட மாட்டாரு.