ஆம்னிகுரோமா: ஒரே ஷேட் எல்லாப் பல்லுக்கும் ஒத்துவருமா?

பல்லின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரித் தொகுப்பான ஷேட் கைடே இனி வேண்டாம் என்ற பேச்சோடுதான், டோக்குயாமா நிறுவனத்தின் பல் அடைக்கும் காம்போசிட்டான (ரெசினும் துகளும் கலந்த பேஸ்ட்) ஆம்னிகுரோமா 2019இல் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. விட்டா கிளாசிக்கல் என்ற ஷேட் கைடில் இருக்கும் ஏ1 முதல் டி4 வரையான 16 ஷேடுகளுக்கும் ஒரே சிரிஞ்ச் போதும் என்கிறது நிறுவனம். ஏ வரிசை செம்பழுப்பு, பி வரிசை செம்மஞ்சள், சி சாம்பல், டி சிவப்போடிய சாம்பல். இந்த நான்கையும் நிறமியே கலக்காத ஒரு பேஸ்ட் சமாளிக்குமா? அடைப்புக்குப் பின்னால் நல்ல நிறத்தில் பல் இருக்கும்வரை சமாளிக்கிறது, அதுவும் வியக்கும்படி. பின்னால் பல் இல்லாத இடத்தில் தடுமாறுகிறது. இந்த ஒரு வரம்பைப் புரிந்துகொண்டவருக்கு இது அருமையான பொருள். புரியாதவருக்கு முன்பல்லில் சாம்பல் திட்டு நிச்சயம்.

வழக்கமான காம்போசிட்டுக்கு நிறம் கொடுப்பவை இரும்பு ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு போன்ற நிறமிகள். ஆம்னிகுரோமாவில் அவை இல்லை. சிலிக்காவும் சிர்கோனியாவும் சேர்ந்த, 260 நானோமீட்டர் அளவில் ஒரே சீரான உருண்டைத் துகள்கள்தான் இதன் ஃபில்லர். எடையில் 79 சதவீதம், கன அளவில் 68 சதவீதம். துகள்களைப் பிணைக்கும் ரெசின் பகுதியில் இருப்பவை யுடிஎம்ஏ, டிஇஜிடிஎம்ஏ என்ற மோனோமர்கள். பிஸ்ஜிஎம்ஏ என்ற மோனோமர் கிடையாது. இந்த அளவுள்ள உருண்டைகள் மஞ்சளிலிருந்து சிவப்பு வரையான ஒளியைத் தாமே உண்டாக்கி, சுற்றியிருக்கும் பல்லின் நிறத்தோடு கலக்கின்றன என்பது நிறுவனத்தின் விளக்கம். நிறமி இல்லாமல் துகளின் அமைப்பாலேயே வரும் கட்டமைப்பு நிறம் என்பது இயற்பியலில் உண்மையான விஷயம்தான். ஆனால் கிளினிக்கில் நாம் பார்க்கும் ஒத்துப்போதலில் பெரும்பங்கு ஒளி ஊடுருவலால் வருவது என்பதே எங்கள் கணிப்பு. சுவர்களிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் ஒளி அடைப்புக்குள் நுழைந்து வெளியே வருகிறது. கண்ணுக்கு அடைப்பு பல்லின் நிறமாகவே படுகிறது. பின்னால் டென்டின் (எனாமலுக்கு அடியிலிருக்கும் பல் பகுதி) இல்லாவிட்டால் வித்தை கலைந்துபோவதும் இதனால்தான்.

சிரிஞ்சிலிருந்து பிழிந்ததும் பேஸ்ட் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும். முதல் தடவை பார்ப்பவர் தப்பான டப்பாவை எடுத்துவிட்டோமோ என்று நினைப்பார். க்யூர் ஆகாத, அதாவது விளக்கொளியில் இன்னும் இறுகாத ரெசினின் ஒளிவிலகல் எண் துகள்களுடையதைவிடக் குறைவு. அந்த வித்தியாசத்தில் ஒளி கண்டபடி சிதறுகிறது. லைட் பட்டு மோனோமர்கள் பாலிமராக இறுகும்போது ரெசினின் எண் ஏறித் துகளின் எண்ணை நெருங்குகிறது. சிதறல் அடங்கி, வெள்ளை தெளிந்து, அடைப்பின் ஓரம் கண்ணெதிரே மறைகிறது. ஆகவே க்யூர் செய்யாமல் பல்மேல் தடவிப் பார்த்து நிறம் முடிவுசெய்வது இதில் வேலைக்கே ஆகாது.

இயற்கைப் பல் எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எனாமலின் ஒளிவிலகல் எண் சுமார் 1.62, டென்டினுடையது சுமார் 1.54. காம்போசிட்டுகள் பெரும்பாலும் 1.5க்குச் சற்று மேலே நிற்பவை. அதாவது எந்த காம்போசிட்டும் எனாமலைப் போலவே ஒளியை வளைப்பதில்லை. பல ஷேடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் அடுக்கு முறையில் எனாமல் ஷேடை இயற்கை எனாமல் இருந்த அதே கனத்துக்குப் போட்டால் பல் மங்கிச் சாம்பலாகத் தெரிவதற்கு இதுவே காரணம். கனத்தைக் குறைத்துத்தான் போட வேண்டும். பல்லின் நிறம் பெரும்பாலும் டென்டினிலிருந்து வருகிறது. எனாமல் அதன் மேல் வெளிச்சத்தையும் ஆழத்தையும் கூட்டுகிறது. எனாமலின் நுண் படிகங்கள் நீலத்தை அதிகம் சிதறடிப்பதால் வெட்டுமுனை நீலம் பூத்தும், பின்னாலிருந்து விளக்கடித்தால் ஆரஞ்சாகவும் தெரியும். இந்த ஓபலசென்ஸை ஒரே ஷேடில் எதிர்பார்க்கக் கூடாது.

எங்கே ஜெயிக்கிறது என்றால், முதலில் கடைவாய்ப் பல். கிளாஸ் 1 (மெல்லும் பரப்பில் உள்ள குழி), கிளாஸ் 2 (பக்கத்துப் பல்லை ஒட்டிய பக்கத்தில் உள்ள குழி) இரண்டிலும் மூன்று நான்கு பக்கமும் டென்டின் சுவர் இருக்கும், தரையும் இருக்கும். இரண்டு மில்லிமீட்டர் அடுக்குகளாகப் போட்டு முடித்தால் எங்கே பல் முடிந்து எங்கே அடைப்பு தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது கடினம். ஈறோரக் கிளாஸ் 5 கேவிட்டியில் (குழியில்) பலன் இன்னும் பெரிது. அங்கே எனாமல் மெலிந்து டென்டின் நிறம் தூக்கலாக இருக்கும். ஏ3.5 போடுவதா, ஏ4 போடுவதா என்று தவிக்கும் இடம் அது. பின்னாலிருக்கும் டென்டின் தன் நிறத்தைத் தானே கொண்டுவந்துவிடுகிறது.

ஒரு நிபந்தனை: அந்த டென்டின் நல்ல நிறத்தில் இருக்க வேண்டும். பழைய வெள்ளிக்கலவை அடைப்பை எடுத்த பின் சாயம் ஏறிக் கறுத்த தரை, தேய்மானத்தால் இறுகிப் பழுப்பான ஸ்கிலரோட்டிக் டென்டின், வேர் சிகிச்சை செய்து கறுத்த பல் எல்லாமே மேலே வந்து தெரியும். அடைப்பு தனக்கென்று மூடும் சக்தி இல்லாதது. இங்கே நிறுவனமே கொடுக்கும் ஆம்னிகுரோமா பிளாக்கர் தேவைப்படுகிறது. கறுத்த இடத்தில் மட்டும் மெல்லிய படலமாக, அரை மில்லிமீட்டர் அளவுக்குப் பரப்பிக் க்யூர் செய்துவிட்டு மேலே வழக்கம்போல் ஏற்றலாம். பிளாக்கரைக் கேவிட்டி ஓரம்வரை இழுத்துவிட்டால் விளிம்பில் வெள்ளைக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். ஓரத்திலிருந்து உள்ளே தள்ளியே நிறுத்த வேண்டும்.

முன்பல்லின் முனை உடைந்த கிளாஸ் 4தான் உண்மையான பரீட்சை. பின்னால் இருப்பது வாயின் இருட்டு. ஒளி உள்ளே போகிறது, திரும்புவதில்லை. ஒட்டிய முனை சாம்பலாகத் தெரிகிறது. முன்னிருந்து பின்வரை துளைத்த கிளாஸ் 3க்கும் (முன்பல்லின் பக்கவாட்டுக் குழி) இதே கதி. சிலிக்கான் இண்டெக்ஸ் (பல்லின் பின்பக்க வடிவத்துக்கான அச்சு) வைத்து, நாக்குப் பக்கச் சுவரைப் பிளாக்கரால் எழுப்பி, முன்பக்கம் ஆம்னிகுரோமாவை நிரப்புவது வழக்கம். முன்பக்க எனாமலில் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் பெவல் (சாய்வு) கொடுத்து, காம்போசிட்டை அதன்மேல் இழுத்து மெலியவிட்டால் முறிவுக்கோடு மறையும். பட்டென்று முடியும் விளிம்பு எந்த ஷேடிலும் தெரியும். பிளாக்கர் மெலிந்தால் சாம்பல், தடித்தால் சுண்ணாம்பு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடம் குறுகலானது. வெட்டுமுனையில் நீலச் சாயலும் மாமெலான் வரிகளும் (எனாமலுக்குள் தெரியும் டென்டின் மேடுகள்) தெளிவாகத் தெரியும் இளம் வயதுப் பல்லுக்கு இந்த முறையில் அழகு வராது. டென்டின், பாடி, எனாமல், டிரான்ஸ்லூசென்ட் என்று நான்கு ஒளிபுகாமைகளில் கிடைக்கும் ஃபில்டெக் சுப்ரீம் போன்ற அடுக்கு வகைக்கே போவது நல்லது. அங்கே ஆம்னிகுரோமாவை வைத்து மல்லுக்கட்டுவது நேர விரயம்.

ஷேட் எடுக்கும் வேலை போய்விட்டது என்று விளம்பரம் சொன்னாலும், முன்பல்லில் ஒரு சோதனைத் துண்டு போட்டுப் பார்க்காமல் இறங்க வேண்டாம். ரப்பர் டேம் (எச்சில் படாமல் பல்லைப் பிரித்துவைக்கும் ரப்பர் விரிப்பு) மாட்டுவதற்கு முன்பே, பல் எச்சில் ஈரத்தோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. எட்சிங்கும் (அமிலம் தடவுவது) பாண்டிங்கும் (ஒட்டுப்பசை பூசுவது) இல்லாமல், போடப்போகும் அதே கனத்தில் ஒரு பொட்டு வைத்துக் க்யூர் செய்யுங்கள். கிளாஸ் 4 என்றால் பொட்டு உடைந்த முனையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். முழுப் பல்மேல் வைத்த பொட்டு எப்போதும் அழகாகவே தெரிந்து ஏமாற்றும். மேலே ஈரம் தடவி, நாற்காலி விளக்கை அணைத்து, 5500 முதல் 6500 கெல்வின் வரையான, சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90க்கு மேற்பட்ட வெளிச்சத்தில் பாருங்கள். உதட்டுச் சாயத்தைத் துடைக்கச் சொல்லுங்கள், பளிச்சென்ற ஆடையைச் சாம்பல் துணியால் மூடுங்கள். ஐந்து முதல் ஏழு விநாடிக்கு மேல் உற்றுப் பார்த்தால் கண் பழகிவிடும். சாம்பல் அட்டையைப் பார்த்துக் கண்ணை ஆற்றிக்கொண்டு மறுபடி பார்க்கலாம். ஒரு புகைப்படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினால் வேல்யூ (வெளிர்மை) வித்தியாசம் உடனே தெரியும். ஹியூ (நிற வகை) கொஞ்சம் பிசகினால் யாரும் கவனிக்கமாட்டார்கள். வேல்யூ பிசகினால் எட்ட நிற்பவருக்கே தெரியும்.

அளந்து பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு: நிற வித்தியாசத்தை அளக்கும் சிஐஇடிஇ2000 சூத்திரக் கணக்கில் வித்தியாசம் 0.8 என்றால் பாதிப் பேர் கண்டுபிடிப்பார்கள்; 1.8 வரை பாதிப் பேர் ஏற்றுக்கொள்வார்கள். சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் 28642ஆம் தொழில்நுட்ப அறிக்கையில் வரும் எல்லைகள் இவை.

ரப்பர் டேம் போட்டுப் பத்து நிமிடத்துக்குள் பல் உலர்ந்து வெளுத்துவிடும். எனாமல் படிகங்களுக்கு இடையில் நீர் இருந்த இடத்தைக் காற்று பிடிப்பதால் சிதறல் கூடுகிறது. வேலை முடிந்த கையோடு கண்ணாடியைக் கொடுத்தால், பக்கத்து எனாமல் வெளுத்தும் அடைப்பு இருண்டும் தெரிய, வந்தவர் முகம் சுளிப்பார். பல் பழைய நிறத்துக்குத் திரும்ப ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். அதுவரை திருத்தம் எதுவும் வேண்டாம். பல் வெளுப்புச் சிகிச்சை எடுத்தவருக்கு இரண்டு வாரம் கழித்தே அடைக்க வேண்டும். நிறம் நிலைப்பதற்கும், எனாமலில் தங்கிய ஆக்சிஜன் பாண்டிங்கைக் கெடுக்காமல் இருப்பதற்கும் அந்த இடைவெளி தேவை.

கையாளும்போது அந்த வெள்ளை நிறமே பெரிய உதவி. பேஸ்ட் எதுவரை போயிருக்கிறது, எங்கே விளிம்பைத் தாண்டியிருக்கிறது என்று செதுக்கும்போது பளிச்சென்று தெரியும். க்யூர் ஆனதும் நிலைமை தலைகீழ். விளிம்பைத் தாண்டி எனாமல்மேல் படிந்த மெல்லிய மிச்சம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதை விட்டுவிட்டால் சில மாதத்தில் அதன் அடியில் கறை ஏறி, விளிம்பைச் சுற்றிப் பழுப்புக் கோடு விழும். அடைப்பு கசிகிறது என்று பழி வரும். ஆகவே லைட் அடிப்பதற்கு முன்பே மிச்சத்தைத் தூரிகையால் வழித்துவிடுங்கள். க்யூர் ஆனபின் எக்ஸ்புளோரர் (கூர்முனைச் சோதனைக் கருவி) நுனியைப் பல்லிலிருந்து அடைப்பை நோக்கியும், திரும்ப அடைப்பிலிருந்து பல்லை நோக்கியும் இழுத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் தடுக்குகிறதோ அந்தப் பக்கம் மேடு.

விளிம்பில் வரும் வெள்ளைக் கோடு வேறு கதை. சொரசொரப்பான டைமண்ட் பர்ரைத் (அரைக்கும் முனை) தண்ணீரில்லாமல் ஓட்டியதால் எனாமல் ஓரம் நொறுங்கியிருக்கலாம். க்யூர் ஆகும்போது வரும் சுருக்கத்தின் இழுவிசையாகவும் இருக்கலாம். ஆம்னிகுரோமா இதிலிருந்து தப்பிக்காது. கடைசி க்யூரைக் கிளிசரின் ஜெல்லுக்கு அடியில் செய்து, நுண் பற்கள் கொண்ட கார்பைடு பர், டிஸ்க், ரப்பர், டைமண்ட் பேஸ்ட் என்ற வரிசையில் தண்ணீரோடு இறங்குங்கள். உருண்டைத் துகள் என்பதால் பளபளப்பு சீக்கிரம் வருகிறது, தாராளமாகப் பாராட்டலாம். ஆனால் கண்ணாடிபோல் வழவழத்த முன்பல் ஈரமில்லாதபோது தனித்துத் தெரியும். பக்கத்துப் பல்லில் குறுக்கு வரிகள் இருந்தால் அவற்றை இதிலும் கீறிவிட்டுத்தான் பாலிஷ் செய்ய வேண்டும்.

புற ஊதா டார்ச் ஒன்று கையில் இருக்கட்டும். இயற்கை டென்டின் 365 நானோமீட்டர் ஒளியில் நீலம் கலந்த வெள்ளையாக ஒளிரும். கருநீல விளக்குள்ள மேடையில் நிற்பவருக்கு ஒரு பல் மட்டும் அணைந்தாற்போலத் தெரிந்தால் அது ஃபுளோரசென்ஸ் ஒத்துவராத அடைப்பு. க்யூர் செய்த ஒரு பொட்டைப் பல்லோடு சேர்த்து டார்ச்சடித்துப் பார்ப்பது அரை நிமிட வேலை. இதே டார்ச் பின்னொரு நாள் அடைப்பை மாற்றும்போதும் உதவலாம். ஒரே ஷேட் அடைப்பைப் பிரித்தெடுக்கும்போது எது பல், எது காம்போசிட் என்று தெரியாமல் நல்ல எனாமலை அரைத்துவிடும் ஆபத்து அதிகம்; ஒளிர்வில் வித்தியாசம் இருந்தால் எல்லைக்கோடு துலங்கும்.

இந்த ஒரே ஷேட் வகையில் விட்ரா ஏபிஎஸ் யூனிக், கரிஸ்மா டயமண்ட் ஒன் போன்றவையும் கிடைக்கின்றன. எதை வாங்கினாலும் மேலே சொன்ன பொட்டுச் சோதனை பொதுவானது. பெரும்பாலும் கடைவாய் அடைப்பும் ஈறோர அடைப்பும் பார்க்கும் கிளினிக்குக்கு ஆம்னிகுரோமா இரண்டு சிரிஞ்ச், பிளாக்கர் ஒன்று என்ற விகிதம் சரியாக வரும். பாதி பிழிந்த பி3யும் சி2வும் டிராயரில் காலாவதியாகிக் கிடக்கும் நிலை போகும். முன்பல் அழகு வேலை அடிக்கடி வருமென்றால் ஏற்கெனவே இருக்கும் அடுக்கு செட்டை விற்றுவிட வேண்டாம். ஏ2, ஏ3 டென்டின் ஷேடுகள் இரண்டும் ஒரு எனாமல் ஷேடும் கைவசம் இருந்தால், உடைந்த முனையைப் பிளாக்கருக்குப் பதில் டென்டின் ஷேடால் தாங்கி, மேல் படலத்துக்கு மட்டும் ஆம்னிகுரோமா போட்டுப் பார்க்கலாம். பிளாக்கர் மட்டும் வைத்த முனையைவிட அது பக்கத்துப் பல்லோடு நன்றாகவே பொருந்தும்.